புளுட்டோனியப் பேரேடு: எட்டுக் கிலோவுக்கும் கணக்கு வேண்டும்

ரிசர்வ் பாங்கியிடம் எத்தனை டன் தங்கம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பாங்கியின் அறிக்கையைப் புரட்டினால் போதும். சர்க்கார் கிடங்குகளில் எத்தனை லட்சம் டன் அரிசியும் கோதுமையும் இருக்கின்றன என்பதும் மாதா மாதம் வெளியாகிறது. ஆனால் அணுகுண்டு செய்யத்தக்க புளுட்டோனியமும் செறிவூட்டிய யுரேனியமும் நம் நாட்டில் எவ்வளவு இருக்கின்றன என்று கேட்டால் சர்க்காரிடமிருந்து பதில் வராது. வந்ததும் இல்லை.

ராணுவ ரகசியத்தைக் கேட்கலாமா என்று சிலர் கோபிக்கக் கூடும். கேள்வி குண்டுகளின் எண்ணிக்கையைப் பற்றியதன்று, சரக்கைப் பற்றியது. கார்டன் ரீச்சிலும் கிதிர்ப்பூரிலும் டல்ஹௌசியிலும் ஸ்டோர் பதிவேடு எழுதிப் பழகிய நம்மவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று விளங்கும். சரக்கு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடலாம். எவ்வளவு இருக்கிறது என்பது எவருக்குமே திட்டமாகத் தெரியாமல் போகக் கூடாது.

மாதுளம்பழ அளவு

சர்வதேச அணுசக்தி ஏஜென்சி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு குண்டுக்குப் போதுமான அளவு என்று அது எடுத்துக்கொள்வது 8 கிலோ புளுட்டோனியம். யுரேனியமானால், செறிவூட்டிய சரக்கில் உள்ள யுரேனியம்-235 மட்டும் 25 கிலோ. 1945இல் நாகசாகியை அழித்த குண்டில் இருந்த புளுட்டோனியம் சுமார் 6 கிலோதான்.

புளுட்டோனியம் ஈயத்தை விட மிகக் கனமான உலோகம். எட்டுக் கிலோவை உருட்டி வைத்தால் ஒரு பெரிய மாதுளம்பழ அளவுக்கு மேல் வராது. காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்துவிடலாம். இதில் ஒரு பாதி அழிந்து குறைவதற்குச் சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். ஆகையால் ஒரு தடவை உண்டாக்கிவிட்டால், உண்டாக்கியவர்கள் போன பிறகும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய சரக்கு இது.

உலகத்தில் இப்போது பிரித்தெடுத்து வைத்திருக்கும் புளுட்டோனியம் சுமார் 550 டன் என்றும், உயர் செறிவு யுரேனியம் 1,200 டன்னுக்கு மேல் என்றும் நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். எட்டுக் கிலோ எங்கே, 550 டன் எங்கே! இத்தனை பெரிய குவியலில் அத்தனை சிறிய அளவு தவறினால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் சங்கடம்.

ஸ்டோர் கணக்குதான் இதுவும்

அணு உலையில் யுரேனியத்தை எரிக்கும்போது அதற்குள்ளேயே சிறிது புளுட்டோனியம் உண்டாகிறது. எரிந்த கம்பிகளை வெளியே எடுத்து, ஆறவைத்து, பிறகு அமிலத்தில் கரைத்துப் புளுட்டோனியத்தைத் தனியே பிரிக்கிறார்கள். பிரிக்கும் ஆலையின் கணக்கு நம் ஸ்டோர் கணக்கைப் போன்றதே. ஆரம்ப இருப்பு; அதோடு வரவு; அதில் செலவு போக மீதி. பிறகு ஆலையை நிறுத்திச் சரக்கை நேரில் நிறுத்தும் அளந்தும் பார்க்கிறார்கள். புத்தகத்து மீதிக்கும் நேரில் கண்ட மீதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் "கணக்கில் வராத சரக்கு" என்று தனியாக எழுதுகிறார்கள்.

இந்த வித்தியாசம் ஒருபோதும் பூஜ்யமாக இருப்பதில்லை. ஜாரியாவில் ஏற்றிய நிலக்கரி கிதிர்ப்பூரில் இறங்கும்போது எடை சரியாக இருக்கிறதா? ஆலையில் கரைசலாக ஓடும் புளுட்டோனியம் குழாயின் வளைவில் ஒட்டுகிறது, வடிகட்டியில் தங்குகிறது, கழிவோடு கொஞ்சம் போகிறது. அளக்கும் கருவிக்கும் பிழை உண்டு. வருஷத்துக்கு எட்டு டன் புளுட்டோனியம் புரளும் ஆலையில் நூற்றுக்கு ஒன்று அளவில் பிழை என்றால் 80 கிலோ. அதாவது பத்துக் குண்டுகளுக்கான சரக்கு, திருட்டே நடக்காமல், வெறும் அளவுப் பிழையில் மறைந்து நிற்கலாம்.

இது கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்கா 1996இல் தன் ஐம்பது வருஷத்துப் புளுட்டோனியக் கணக்கைத் துணிந்து வெளியிட்டது. 1944 முதல் 1994 வரை கைக்கு வந்தது 111.4 டன். இருந்தது 99.5 டன். குண்டுச் சோதனைகளிலும் நாகசாகியிலும் செலவானது, கழிவில் போனது, வேறு நாடுகளுக்குக் கொடுத்தது எல்லாம் எழுதிய பிறகும் 2.8 டன் இடித்தது. எட்டால் வகுத்தால் 350. ஜப்பானில் தோக்காய் என்ற ஊரில் உள்ள பிரிப்பு ஆலையில் இருபத்தைந்து வருஷத்தில் 206 கிலோ வித்தியாசம் என்று 2003இல் அறிவித்தார்கள். ஒரு பகுதி கழிவோடு போனது, இன்னொரு பகுதி நாளடைவில் அமெரிசியம் என்ற வேறு தனிமமாக மாறிவிட்டது என்று பின்னால் விளக்கம் வந்தது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் விளக்கம் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அங்கே புத்தகம் இருந்தது. புத்தகத்தைப் பார்க்க வெளியாரும் இருந்தார்கள்.

பம்பாயில் பிறந்த பிரச்னை

இந்தச் சர்வதேசக் கணக்குப் பிடிவாதத்தில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பம்பாயை அடுத்த டிராம்பேயில் 1960இல் ஓடத் தொடங்கிய உலை சைரஸ். கானடா கொடுத்தது; அதற்கு வேண்டிய கனநீர் அமெரிக்கா கொடுத்தது. அமைதிக் காரியங்களுக்கே பயன்படுத்துவோம் என்று வாக்குக் கொடுத்தோம். ஆனால் வந்து பார்க்கும் தணிக்கை எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை. அதிலிருந்து வந்த புளுட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலையை 1965 ஜனவரியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திறந்து வைத்தார்.

1974 மே 18ந் தேதி ராஜஸ்தானில் பொக்ரானில் பூமிக்கடியில் வெடித்தது அந்தப் புளுட்டோனியமே. டிராம்பேயிலிருந்து அதை ராணுவ வண்டியில் கொண்டுபோனபோது உடன் சென்ற விஞ்ஞானிகளில் ஒருவர் சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம். பின்னாளில் அணுசக்தி கமிஷனின் தலைவரான அவர் 2025 ஜனவரியில் காலமானார். "அமைதிக்கான வெடிப்பு" என்று நாம் சொன்னதைக் கானடா ஏற்கவில்லை, உதவியை நிறுத்தியது. அணுச் சரக்கு விற்கும் நாடுகள் கூடி, இனி தணிக்கைக்கு உட்படாத இடத்துக்கு விற்பதில்லை என்று ஒரு குழுவே அமைத்துக்கொண்டன.

அந்தத் தடை நமக்கு நீங்கியது 2008 செப்டம்பரில். அதற்கு நாம் கொடுத்த விலை, நம் அணு நிலையங்களை இரண்டாகப் பிரித்தது. அப்போது இருந்ததும் கட்டப்பட்டு வந்ததுமான 22 மின் உலைகளில் 14ஐ 2014க்குள் சர்வதேசத் தணிக்கைக்கு விட ஒப்புக்கொண்டோம். அதற்கான உடன்படிக்கை 2009இல் அமலுக்கு வந்தது. மீதி எட்டும், டிராம்பேயும், வேக ஈனுலைகளும் தணிக்கைக்கு வெளியே. தணிக்கைக்கு உட்பட்டவற்றில் கிராம் கணக்கில் புத்தகம் உண்டு; கேமரா உண்டு; சீல் உண்டு. சரக்கு வாகனில் சீல் உடைந்திருந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் என்ன பாடு படுத்துவாரோ, அதைப் போலப் பத்து மடங்கு. மற்றவற்றின் கணக்கு அணுசக்தித் துறைக்குள்ளேயே நிற்கிறது.

வெளியிலிருந்து எண்ணுகிறவர்கள்

சர்க்கார் சொல்லாவிட்டாலும் எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2006இல் தொடங்கிய சர்வதேச நிபுணர் குழு ஒன்று இதையே வேலையாகச் செய்து வருகிறது. டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஆர். ராஜாராமன் அதன் தலைவர்களில் ஒருவராக இருந்தவர்.

அவர்கள் எண்ணும் விதம் சுவாரசியமானது. சைரஸ் மாதிரியான உலை ஒரு மெகாவாட் சக்தியில் ஒரு நாள் ஓடினால் ஏறக்குறைய ஒரு கிராம் புளுட்டோனியம் தரும். சைரஸ் 40 மெகாவாட். வருஷத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு நாள் ஓடியது என்று கொண்டால் 219 நாள். பெருக்கினால் வருஷத்துக்கு எட்டு, ஒன்பது கிலோ. 1985இல் வந்த துருவா உலை 100 மெகாவாட். அதற்கும் இப்படியே. சைரஸ் பழுது பார்ப்பதற்காக 1997 முதல் சில ஆண்டுகள் நின்றது. 2010 கடைசியில் அடியோடு மூடப்பட்டது. அதையெல்லாம் கழிக்க வேண்டும். பொக்ரானில் 1974இலும் 1998இலும் செலவானது, ஆராய்ச்சிக்குப் போனது, ஆலையில் நஷ்டமானது இவற்றையும் கழிக்க வேண்டும்.

இப்படிக் கழித்துக் கூட்டி, குண்டுத் தரத்துப் புளுட்டோனியம் இந்தியாவிடம் சுமார் 0.7 டன், அதாவது 700 கிலோ இருக்கலாம் என்கிறார்கள். இந்த எண்ணிக்கை 150 கிலோ கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். 150ஐ எட்டால் வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பத்தொன்பது வருகிறது. பக்கத்து நாட்டு ராணுவ அதிகாரி ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்தால், குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வாரா, கூடின எண்ணை எடுத்துக்கொள்வாரா? கூடினதைத்தான் எடுப்பார். அதற்கேற்பத் தன் உலையை இன்னும் வேகமாக ஓட்டுவார். கணக்குத் தெரியாமையே இரு புறமும் சரக்கைப் பெருக்குகிறது.

கல்பாக்கத்தின் பங்கு

நம்மில் செங்கற்பட்டுப் பக்கத்துக்காரர்களுக்குக் கல்பாக்கம் புதிதல்ல. சதுரங்கப்பட்டினத்துக் கடலோரத்தில் அங்கே 1983இலும் 1985இலும் இரண்டு மின் உலைகள் முதன்முதலாக அணுவினை தொடங்கின. 1985 அக்டோபரில் ஒரு சிறிய வேக ஈனுலை தொடங்கியது. எரிந்த கம்பிகளைப் பிரிக்கும் ஆலையும் அங்கே உண்டு. இவை அனைத்தும் சர்வதேசத் தணிக்கைக்கு வெளியே வைக்கப்பட்டவை. திருநெல்வேலிச் சீமையில் ரஷ்ய உதவியால் எழுந்த கூடங்குளம் தணிக்கைக்கு உட்பட்டது. ஆக, ஒரே தமிழ்நாட்டில் ஒரு கடற்கரையில் வெளியார் வந்து கணக்குப் பார்க்கிறார்கள்; இன்னொரு கடற்கரையில் பார்ப்பதில்லை.

கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் வேக ஈனுலையில் எரிபொருள் நிரப்பும் பணியை 2024 மார்ச் 4ந் தேதி பிரதமர் நரேந்திர மோடி நேரில் வந்து பார்வையிட்டுத் தொடங்கி வைத்தார். இந்த ஓர் உலைக்கு முதல் தடவை நிரப்ப மட்டும் சுமார் இரண்டு டன் புளுட்டோனியம் வேண்டும். எரிப்பதைக் காட்டிலும் அதிகமாகப் புதுப் புளுட்டோனியத்தை ஈன்று தருவதால்தான் ஈனுலை என்று பெயர். நோக்கம் மின்சாரம் என்று சர்க்கார் சொல்கிறது. அதைச் சந்தேகிக்க அவசியமில்லை. ஆனால் உலையின் ஓரத்தில் விளையும் புளுட்டோனியம் குண்டுத் தரத்தில் இருக்கும் என்பதும், வருஷத்துக்கு 130 கிலோ அளவுக்கு அது வரக்கூடும் என்பதும் 2006இல் தெற்காசியா பற்றி வெளியான நிபுணர் அறிக்கை கண்ட விஷயம். ராஜாராமனும் எம். வி. ரமணாவும் பாகிஸ்தான் நாட்டு இயற்பியலாளர்களோடு சேர்ந்து எழுதியது அந்த அறிக்கை.

மின் உலையில் வருவது மட்டமான தரம், குண்டுக்கு ஆகாது என்று சொல்வாரும் உண்டு. 1962இல் அமெரிக்கா அப்படிப்பட்ட புளுட்டோனியத்தையே வெடித்துப் பார்த்தது. 1977இல் அதை ஒப்புக்கொண்டது. ஆகையால் தரம் எதுவானாலும் கணக்கு வேண்டும்.

கங்கையின் தலைமாட்டில்

கல்கத்தாவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தூரத்து விவகாரமாகத் தோன்றலாம். பிதான் நகரில் உள்ள சாஹா ஆராய்ச்சிக் கழகத்திலும் சைக்ளோட்ரான் நிலையத்திலும் புளுட்டோனியம் விளைவிக்கும் உலை எதுவும் கிடையாது. ஆனால் நம் வண்டி டாடாநகர் போகும் வழியில் காட்சிலாவைத் தாண்டினால் ராக்கா மைன்ஸ் ஸ்டேஷன் வருகிறது. அதற்கு அருகேதான் ஜாதுகுடா. இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம். பேரேட்டின் முதல் வரி எழுதப்படுவது அங்கே.

இன்னொரு சங்கதி ஹூக்ளியில் தண்ணீர் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் சம்பந்தப்பட்டது. 1965இல் சீன அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்ப்பதற்காக அமெரிக்க உளவுத் துறையும் நம் உளவுத் துறையும் சேர்ந்து, புளுட்டோனியச் சூட்டில் மின்சாரம் தரும் ஒரு கருவியை நந்தாதேவி மலைமேல் கொண்டுபோயினர். பனிப்புயல் வந்ததால் அதை மலையிலேயே கட்டி வைத்துவிட்டு இறங்கினர். மறுவருஷம் போய்ப் பார்த்தால் காணோம். இன்றுவரை கிடைக்கவில்லை. 1978 ஏப்ரலில் பிரதமர் மொரார்ஜி தேசாய் லோக் சபாவில் இதை ஒப்புக்கொண்டார். விஞ்ஞானிகள் குழு ஒன்று ஆராய்ந்தது. நீரில் மாசு தென்படவில்லை என்றது. அதில் இருந்தது பெரும்பாலும் புளுட்டோனியம்-238. குண்டுக்கு உதவாத வகை. இருந்தாலும் அந்த மலைப் பனி உருகி அலகநந்தாவில் சேர்ந்து, கங்கையாகி, நம் ஹௌரா பாலத்தின் அடியில் ஓடுகிறது. பதின்மூன்று வருஷம் இந்த நாட்டு ஜனங்களுக்குத் தெரியாமல் இருந்தது அந்த இழப்பு. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த பிறகே பார்லிமெண்டுக்கு வந்தது.

ரகசியத்தைப் பற்றி உரத்துக் கேட்டவர்களில் ஒருவர் இந்த நகரத்துக்காரரே. கல்கத்தா வாக்காளர்கள் லோக் சபாவுக்கு அனுப்பிய விஞ்ஞானி மேகநாத் சாஹா, 1954 மே மாதம் அணுசக்தி பற்றிச் சபையில் விவாதம் கேட்டு வாங்கினார். அவர் குறை சொன்னவற்றுள் வேலையை மூடி மறைத்துச் செய்வதும் ஒன்று. அதன் பிறகு வந்த 1962ஆம் ஆண்டுச் சட்டம் மறைப்பை இன்னும் இறுக்கியதே தவிரத் தளர்த்தவில்லை.

இரண்டு நாடுகள், இரண்டு புத்தகங்கள்

தென்னாப்பிரிக்கா ரகசியமாக ஆறு அணுகுண்டுகள் செய்தது. பிறகு மனம் மாறி அவற்றைப் பிரித்துப் போட்டு, 1991இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993 மார்ச்சில் ஜனாதிபதி டி கிளெர்க் விஷயத்தை உலகுக்குச் சொன்னார். சொன்னது முழுதும் உண்மையா, ஒரு குண்டுக்கான யுரேனியத்தை ஒளித்து வைத்திருப்பார்களா என்று ஏஜென்சிக்காரர்கள் பார்க்க வேண்டி வந்தது. அவர்களுக்குக் கைகொடுத்தவை செறிவூட்டும் ஆலையில் அன்றாடம் எழுதிய பழைய பதிவேடுகள். எந்த நாள் ஆலை ஓடியது, எந்த நாள் நின்றது என்று யாரோ ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். கணக்கு நேர்ப்பட்டது. நாடு மரியாதையோடு நிமிர்ந்தது.

வட கொரியா 1992இல் தன்னிடம் சுமார் 90 கிராம் புளுட்டோனியமே உண்டு, ஒரே தடவைதான் பிரித்தோம் என்று எழுதிக் கொடுத்தது. ஏஜென்சி மாதிரியை எடுத்துச் சோதித்தது. புளுட்டோனியத்தில் நாளாக நாளாக அமெரிசியம் ஊறும். அதன் அளவைப் பார்த்தால் எப்போது பிரித்தது என்று தெரிந்துவிடும். ஒரு தடவை அல்ல, பல தடவை பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. புத்தகம் பொய் சொன்னாலும் சரக்கு பொய் சொல்லாது.

செய்யக்கூடியது என்ன?

இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1ந் தேதி தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. யுத்த மேகம் சூழ்ந்த வருஷங்களிலும் அது நின்றதில்லை. அதில் இடத்தின் பெயர் உண்டு. சரக்கின் அளவு இல்லை. குண்டுச் சரக்கு உற்பத்தியை உலகம் முழுவதும் நிறுத்தும் ஒப்பந்தம் பற்றி ஜெனீவாவில் 1995இல் ஒரு கமிட்டிக்கு வழி வகுத்தார்கள். இனி உற்பத்தியாவதை மட்டும் பார்த்தால் போதும் என்பது இந்தியாவின் நிலை. பழைய இருப்பையும் சேர்க்க வேண்டும் என்கிறது பாகிஸ்தான். பேச்சு நகரவில்லை.

மின்சாரத்துக்கான புளுட்டோனியக் கையிருப்பை மட்டுமாவது ஆண்டுதோறும் வெளியிட அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்சு, சீனா, ஜப்பான் உள்ளிட்ட ஒன்பது நாடுகள் 1997இல் ஒப்புக்கொண்டன. நாம் அதில் இல்லை. ராணுவக் கணக்கைத் தொடாமலே இதை நாம் செய்யலாம். மின்சாரத்துக்கென்று சொல்லும் சரக்கை மறைப்பதற்கு ராணுவக் காரணம் சொல்வது பொருந்தாது.

அதுவும் இப்போது முடியாதென்றால், உள்ளே இருக்கும் புத்தகமாவது சுத்தமாக இருக்க வேண்டும். என்றைக்காவது ஒரு நாள் ஒரு சர்க்கார் அதைத் திறந்து காட்ட நேரும். அன்று 1960இலும் 1974இலும் கையெழுத்திட்டவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்கள் எழுதிய வரிகளே சாட்சி சொல்ல வேண்டும். டிராம்பேயிலும் தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் இன்று எடை பார்த்து எழுதுகிற சாதாரணச் சிப்பந்தி, அளவு இடித்தால் இடித்தபடியே எழுத வேண்டும்; மேலதிகாரி அதைத் திருத்தச் சொல்லக் கூடாது. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது நம்மவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்ட விதி. எட்டுக் கிலோவுக்கு ஒரு நகரம் போகும் இடத்தில் அந்த விதியை விடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.